முடித்துக் கொடுப்பவர்

ஒரு காரியத்தைத் தொடங்கி வைப்பவரை உலகம் எளிதில் மறப்பதில்லை. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் பெயர் கல்லிலே பொறிக்கப்படுகிறது. சங்கத்தைத் திறந்து வைத்தவரின் படம் சுவரிலே மாட்டப்படுகிறது. ஆனால் அக்கட்டடத்தின் கடைசி ஓட்டை வேய்ந்துவிட்டு ஏணியினின்றும் இறங்கிய தொழிலாளி யார், அச்சங்கத்தின் வரவு செலவை ஆண்டு முடிவில் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்டால், ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கூரை ஒழுகினால் மட்டும் அத்தொழிலாளியின் நினைவு எல்லாருக்கும் உடனே வந்துவிடும். முடித்துக் கொடுப்பவருடைய நிலைமை உலகெங்கும் இதுவே. வேலை செவ்வனே முடிந்தால் அதன் பெருமை பலருக்குப் பங்காகிறது. கெட்டுவிட்டால் அதன் பழி ஒருவர் தலையில் விழுகிறது.

இந்த வழக்கத்தைப் பற்றி நாம் பலகாலும் யோசித்ததுண்டு. அதன் முழு உருவத்தையும் நாம் கண்டது, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில். அதாவது அமெரிக்கர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில். நம் வாசகர்களுள் பெரும்பாலோர் உதைபந்தாட்டத்தையும் கிரிக்கெட்டையும் நன்கறிந்தவர்கள். பேஸ்பாலை அறிந்தோர் சிலரேயாவர். ஆதலின் அதன் அமைப்பை முதலில் சுருங்கச் சொல்லிவிடுவோம்.

ஒரு கட்சிக்கு ஒன்பது பேர். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். சதுரமாக அமைந்த நான்கு மூலைகளையும் சுற்றியோடிப் புறப்பட்ட மூலையைத் திரும்பத் தொட்டவருக்கு ஓர் ஓட்டம். பந்தெறிபவர் நடுவிலுள்ள சிறு மேட்டின்மேல் நின்று, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் இருக்கும் மூலையை நோக்கி எறிகிறார். அங்கே மட்டையுடன் எதிர்க் கட்சிக்காரர் நிற்கிறார். மூவர் ஆட்டமிழந்தால் அக்கட்சியின் முறை முடிந்தது. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்து வீசுவோர் மாறி மாறி வருவர். இங்கோ ஒருவரே தொடர்ந்து எறிவார். அவர் கை தளர்ந்துவிட்டாலும், எதிரிகள் அவர் பந்தை அடித்து நொறுக்கத் தொடங்கினாலும், மேலாளர் அவரை வெளியே அழைத்து வேறொருவரை அனுப்புவார். வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் புகுதல் இயலாது. இவ்வாறு இடையில் வருபவரே மாற்றுப் பந்தெறிபவர். அவர்களுள்ளும், தம் கட்சி சிறிதளவே முந்தியிருக்கும் வேளையில் கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவருக்கு ‘குளோசர்’ என்று ஒரு தனிப்பெயர் உண்டு. நாம் அவரை முடிப்பவர் என்றே அழைப்போம்.

முடிப்பவருடைய தொழிலில் உள்ள கடுமை யாதெனில், அவரைக் காப்பாற்றக் கடிகாரம் கிடையாது என்பதேயாகும். உதைபந்தாட்டத்தில் ஒரு கோல் முந்தியிருக்கும் கட்சி, பந்தை மூலையில் வைத்துக்கொண்டு நேரத்தைப் போக்கிவிடலாம். நடுவரின் ஊதல் வந்து காப்பாற்றும். பேஸ்பாலில் அந்த உபாயம் செல்லாது. எத்தனை ஓட்டம் முந்தியிருந்தாலும், கடைசி மட்டைக்காரருக்கும் அடிக்கத்தக்க பந்தை எறிந்து அவரை வீழ்த்தியாக வேண்டும். அதுவரையில் எதிரிக்கு நம்பிக்கையுண்டு, முடிப்பவருக்கு ஓய்வில்லை.

இத்தொழில் தொடக்கத்தில் மதிப்புள்ளதாக இருக்கவில்லை. பழங்காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய பந்தெறிபவரே அதை முடிக்கவும் வேண்டும் என்பது ஆண்மையின் இலக்கணமாகக் கருதப்பட்டது. 1890 முதல் 1911 வரை ஆடிய சை யங் என்னும் பெருவீரர் 749 ஆட்டங்களைத் தாமே தொடங்கித் தாமே முடித்தார். அக்காலத்தில் மாற்றாக வந்தவர்கள் பெரும்பாலும் தொடங்கும் தகுதி இல்லையென்று ஒதுக்கப்பட்டவர்களோ, வயது கடந்தவர்களோ ஆவர். மைதானத்தின் ஓரத்தில் வேலிக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்துகொண்டு, மற்றொருவருடைய தோல்விக்காகக் காத்திருக்கும் பிழைப்பு அது.

அப்பலகைக்கு மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் ஹோய்ட் வில்ஹெல்ம் முக்கியமானவர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பாவில் போரிட்டுக் காயமடைந்து வீடு திரும்பியவர். 1952இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் கட்சியில் முதன்முதலாகப் பெரிய போட்டிகளில் இறங்கியபோது அவருக்கு வயது 29. மற்றவர்கள் உச்சத்தை அடைந்துவிடும் பருவம் அது. அவர் பந்து வேகமாகவும் செல்லாது. சுழலாமல் மிதந்து வந்து, வண்ணத்துப்பூச்சிபோல் எப்பக்கம் திரும்பும் என்று எறிந்தவருக்கே தெரியாதபடி தடுமாறும். அப்பந்தை வைத்துக்கொண்டே 1972 வரை, ஐம்பதை எட்டும் வயது மட்டும், 1,070 ஆட்டங்களில் எறிந்தார். 1985இல் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடங்கிடைத்தது. மாற்றுப் பந்தெறிபவர் ஒருவர் அம்மண்டபத்தில் நுழைந்தது அதுவே முதல் தடவை.

இவர்களுடைய வேலையை அளப்பதற்கு நெடுநாள் வரையில் ஒரு முறையும் இல்லை. 1959இல் பிட்ஸ்பர்க் கட்சியின் ராய் ஃபேஸ் என்னும் மாற்றுப் பந்தெறிபவர் 18 வெற்றியும் ஒரே தோல்வியும் பெற்றுப் பெரும்புகழ் அடைந்தார். சிக்காகோ நகரத்துப் பத்திரிகையாளரான ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் அக்கணக்கை உற்று நோக்கினார். அவ்வெற்றிகளுட் சில எப்படி வந்தவை? முந்தியிருந்த நிலையைத் தாமே கைவிட்டுப் பிறகு தம் கட்சியினர் அடித்த ஓட்டங்களால் வந்தவை! நன்றாகக் காப்பாற்றியவருக்கு ஒன்றுமில்லை; கெடுத்துவிட்டுப் பிழைத்தவருக்கு வெற்றிப் பட்டம். இந்த முறைகேட்டைக் கண்டே அவர் ‘காப்பு’ என்று பொருள்படும் ‘சேவ்’ என்னும் கணக்கை வகுத்தார். 1969 முதல் அது அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. சுருங்கச் சொன்னால், மூன்று ஓட்டங்களுக்கு மேற்படாத முந்துதலைக் கடைசி இன்னிங்ஸில் வந்து காத்து முடிப்பவருக்கு ஒரு காப்பு உண்டு. உழைப்பை அளக்கும் கோல் தவறானால் உழைப்பாளிக்கு நீதி கிடையாது என்பதை ஒரு பத்திரிகைக்காரர் விளையாட்டிலே உணர்ந்தார். தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் அதை உணர்ந்தோர் எத்தனை பேர் என்று நாம் கேட்கத் துணிகிறோம்.

நிற்க. இவ்விடத்தில் நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இளமையில் நாம் ஓர் அச்சகத்தில் இரவு நேரத்தில் புரூப் திருத்தும் வேலையிலிருந்தோம். இயந்திரத்தில் ஏறுமுன் பக்கத்தைக் கடைசியாகப் படிப்பவர் அவ்வேலைக்காரரே. நமக்கு முன்பு அந்நாற்காலியில் ஒரு பெரியவர் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். ஒற்றுப் பிழையும் சந்திப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆயினும் அவர் பெயர் எந்த இதழிலும் அச்சேறியதில்லை. ஒருநாள் திருமண அறிவிப்பு ஒன்றில் தேதி மாறி அச்சாகிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் ஒருவர், அச்சுக் கோத்தவர் ஒருவர், முதற் புரூப் பார்த்தவர் ஒருவர்; மூவரையும் எவரும் கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்த பெரியவருக்கு மறுநாளே கணக்குத் தீர்க்கப்பட்டது. அவர் தமது மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கினார். அந்த வாரத்திலேயே அந்நாற்காலியில் நாம் அமர்த்தப்பட்டோம். இருக்கையில் அவருடைய முதுகுச் சாய்வு பதிந்திருந்த இடத்தில் சாய்ந்துகொண்டு முதல் இரவு பக்கங்களைப் படித்தபோது, பதினெட்டு ஆண்டு எந்தத் தராசில் வைக்கப்பட்டு ஒரு தேதிக்குச் சமமாயிற்று என்ற கேள்வி நம்மை விடவில்லை. இன்னும் விட்டபாடில்லை. மரியானோ ரிவேராவின் வரலாறு நம்மைப் பற்றிக்கொண்டதற்கு அதுவே காரணம்.

ரிவேரா 1969ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பனாமா நாட்டில் பிறந்தார். வளர்ந்தது புவெர்ட்டோ கைமிட்டோ என்னும் மீனவர் ஊர். தந்தையார் மீன்பிடிப் படகின் தலைவர். பையன்களுக்கு ஆடுவதற்குச் சாமான் கிடையாது. பால் அடைத்து வரும் அட்டைப் பெட்டிகள் கையுறையாயின, மரக்கிளைகள் மட்டையாயின, கிழிந்த மீன்வலைத் துண்டுகளைச் சுருட்டி நாடாவால் சுற்றியது பந்தாயிற்று. உண்மையான தோற்கையுறை ஒன்றைத் தந்தை வாங்கிக் கொடுத்தபோது மகனுக்கு வயது ஏறக்குறைய பன்னிரண்டு. பதினாறாம் வயதில் சாளை மீன் பிடிக்கும் படகில் அவரும் வேலைக்குச் சேர்ந்தார். பத்தொன்பதாம் வயதில், 120 டன் எடையுள்ள படகு கவிழ்ந்தபோது அதைக் கைவிட்டு உயிர் தப்பும்படி நேர்ந்தது. கடல் தொழில் தமக்கு வேண்டாம் என்று அவர் எண்ணியதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

அவர் பந்தெறிபவரானதே ஒரு மாற்றாள் கதைதான். உள்ளூர்க் கட்சியில் அவர் களத்தடுப்பு வேலையிலிருந்தார். ஒரு முக்கியமான ஆட்டத்தில் அக்கட்சியின் பந்தெறிபவர் மிகவும் மோசமாக எறிந்து தவிக்க, வேறு வழியின்றி ரிவேராவை மேட்டின்மேல் ஏற்றினார்கள். அவர் நன்றாகவே எறிந்தார். கூட ஆடிய இருவர் அதைக் கண்டு நியூயார்க் யாங்கீஸ் கட்சிக்காக ஆள் தேடுபவரிடம் சொல்லி அனுப்பினர். முறையான பயிற்சி ஒருநாளும் இல்லை, உடம்பும் மெலிந்த உடம்பு, வேகமும் பிரமாதமில்லை. எனினும் கையின் அசைவு நீரோட்டம்போல் தடையின்றி இருந்தது. 1990 பிப்ரவரியில் ஒப்பந்தமாயிற்று. ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத இளைஞர் வீட்டை விட்டு அமெரிக்காவிற்கு வந்தார்.

அங்கே அவரை எவரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. 1992இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. அவ்வாண்டே புதிதாக அமைந்த இரு கட்சிகள் பிற கட்சிகளிலிருந்து ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம் என்றபோது, யாங்கீஸ் அவரைக் காத்து வைக்கவில்லை. அவ்விரு கட்சிகளும் அவரை எடுத்துக்கொள்ளவுமில்லை. இருபுறமும் வேண்டாதவராக நின்றார். 1995 மே 23இல் பெரிய போட்டியில் முதன்முதல் இறங்கி, ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிபவராக எறிந்தபோது, ஐந்து ஓட்டங்களைக் கொடுத்துத் தோற்றார். அவரை வேறு கட்சிக்குக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு 1995இலும் 1996இலும் நடந்தது. தொடங்குபவர் என்ற தேர்வில் தேறாதவரே மாற்றாளர் பலகைக்கு அனுப்பப்பட்டார். 1996இல் முடிப்பவருக்கு முந்திய இன்னிங்ஸ்களில் எறிந்து அவர் காட்டிய திறமையும் சேர்ந்தே அவ்வாண்டு யாங்கீஸ் வாகை சூடிற்று. 1997இல் முடிப்பவர் பதவி அவருக்குக் கிடைத்தது.

கிடைத்தவுடன் என்ன நேர்ந்தது? முதல் ஆறு சந்தர்ப்பங்களில் மூன்றைக் கெடுத்துவிட்டார். மேலாளர் ஜோ டோரி அவரை அழைத்தார். அழைத்தது வேலையைவிட்டு நீக்குவதற்கல்ல. நீர்தாம் எங்கள் முடிப்பவர், அதில் மாற்றமில்லை என்று தைரியம் சொல்லுவதற்கே. அவ்வாண்டு அக்டோபரில் கிளீவ்லண்டு நகரில், வெற்றிக்கு நான்கு விக்கெட் தொலைவில் இருந்தாற்போன்ற ஒரு நிலையில், சாண்டி அலோமர் என்பவர் ரிவேராவின் பந்தை வேலிக்கப்பால் அடித்தார், அத்தொடரும் கைநழுவிற்று. மறு ஆண்டும் டோரி அவரிடமே பந்தைக் கொடுத்தார். 1998, 1999, 2000 ஆகிய மூன்றாண்டுகளும் உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் யாங்கீஸ் வென்றது. மூன்றிலும் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவர் ரிவேரா. நமது பெரியவரின் நினைவு இவ்விடத்தில் நமக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

அவர் ஆயுதம் ஒன்றே ஒன்று. 1997இல் கூட ஆடும் ஒருவரோடு விளையாட்டாகப் பந்தெறிந்து பழகும்போது, தம் பந்து கடைசி நேரத்தில் தானாகவே சற்று விலகுவதை அவர் கண்டார். அதை நேராக்க முயன்றும் முடியவில்லை. ஆதலின் அதையே வைத்துக்கொண்டார். ‘கட்டர்’ எனப்படும் அப்பந்து நேராக விரைந்து வருவதுபோல் வந்து, மட்டையை நெருங்கியதும் சில அங்குலம் வெட்டித் திரும்பும். இடக்கை மட்டைக்காரருக்கு அது கைப்பிடிப் பக்கமாகப் பாயும். மட்டையின் அகன்ற பாகத்தில் பட வேண்டியது மெல்லிய பாகத்தில் பட்டு மட்டை முறியும். இதில் வியப்பு யாதெனில், அடுத்த பந்தும் அதுவே என்று மட்டைக்காரர் அறிவார், பார்ப்போர் அறிவர், அறிந்தும் அடிக்க முடிவதில்லை. பல வித்தைகளை அரைகுறையாகக் கற்றவர் நாட்டில் ஏராளம். ஒரு வித்தையைப் பல ஆண்டுகள் நாள்தோறும் அதே ஒழுங்கோடு செய்தவரை நாம் எங்கே தேடுவோம்?

எண்களைச் சிறிது பார்ப்போம். 1995 முதல் 2013 வரை அவர் எறிந்த ஆட்டங்கள் 1,115. பெற்ற காப்புக்கள் 652. 2011 செப்டம்பரில் டிரெவர் ஹாஃப்மன் என்பவரின் 601 என்ற எல்லையை அவர் கடந்தார். 652 என்பதை இதுவரை எவரும் எட்டவில்லை. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் நேர்மையாக எடுத்துரைப்பதே முறை. மூன்று ஓட்டம் முந்தியிருக்கும்போது ஓர் இன்னிங்ஸ் எறிவது பெரிய வித்தையா, சுமாரான பந்தெறிபவரும் அதைப் பெரும்பாலும் செய்து முடிப்பாரே என்று கேட்போர் இருக்கின்றனர். அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. காப்புக் கணக்கு மட்டுமே ஒருவர் தரத்தைக் காட்டிவிடாது. ஆகையால் ஆண்டு முடிவில் நடக்கும் வாகைப் போட்டிகளைப் பார்க்க வேண்டும். அங்கே எதிரிகள் தேர்ந்தெடுத்த வீரர்கள். ஒவ்வோர் ஓட்டமும் தலைவிதி. அப்போட்டிகளில் ரிவேரா 96 ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ் எறிந்தார். பல நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இன்னிங்ஸ். அவர் பந்தெறிதலின் குறையென்று கணக்கில் ஏறிய ஓட்டங்கள் பதினொன்றே. சந்திரனில் கால் வைத்த மனிதர் பன்னிருவர் என்பதை நினைத்தால் அவ்வெண்ணின் அருமை விளங்கும்.

இத்தனை பெருமைக்குமிடையில், அவருடைய வாழ்க்கையில் நாம் மிகவும் மதிப்பது அவர் தோற்ற இரவுகளைத்தான். 2001 நவம்பர் 4ஆம் நாள் இரவு, அரிசோனாவின் தலைநகரான பீனிக்ஸில், உலகத் தொடரின் ஏழாவது கடைசி ஆட்டம். இரட்டைக் கோபுரங்கள் இடிந்து எட்டு வாரங்கூட நிறைவுறாத வேளை. நியூயார்க் நகரம் தன் கட்சியின் வெற்றியை ஓர் ஆறுதலாக எதிர்நோக்கி நின்றது. யாங்கீஸ் 2–1 என்று முந்தியிருந்தது. ரிவேரா எட்டாவது இன்னிங்ஸில் வந்து மூவரை வீழ்த்தினார். வாகைப் போட்டிகளில் தொடர்ந்து 23 காப்புக்களை அவர் தவறாமல் முடித்திருந்த காலம். ஒன்பதாவதில் முதலாமவர் அடித்து ஓடினார். அடுத்தவர் மெல்லத் தட்டிய பந்தை ரிவேரா எடுத்து எறிந்த எறி குறி தவறிற்று. சிறிது நேரத்தில் ஓட்டங்கள் சமமாயின. எல்லா மூலைகளிலும் எதிரிகள் நிற்க, லூயிஸ் கொன்சாலஸ் வந்தார். அந்தக் ‘கட்டர்’ அன்றும் தன் வேலையைச் செய்தது; மட்டை முறிந்தது. ஆனால் முறிந்த மட்டையில் பட்ட பந்து, முன்னே நெருங்கி நின்ற தடுப்பாளர் தலைக்குமேல் மெதுவாகப் பறந்து, புல்லில் விழுந்தது. அவ்வளவுதான், தொடர் போயிற்று. செய்தது பழைய வேலை. வந்தது புதிய விளைவு. முயற்சி நம் கையில் இருக்கிறது, விளைவு முழுவதும் நம் கையில் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி நமக்குத் தெரியாது.

இத்தோல்விக்கு ஒரு பின்னுரை உண்டு. அக்கட்சியில் என்ரிக்கே வில்சன் என்று ஒருவர் ஆடினார். டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவர். வென்றிருந்தால் நியூயார்க்கில் நடக்கும் ஊர்வலத்துக்கு இருந்துவிட்டு, நவம்பர் 12ஆம் நாள் விமானத்தில் ஊர் செல்ல எண்ணியிருந்தார். தோற்றதால் ஊர்வலம் இல்லை, முன்னதாகவே புறப்பட்டுவிட்டார். அந்த 12ஆம் நாள் விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து, அதிலிருந்த 260 பேரும், தரையில் ஐவரும் மாண்டனர். நண்பர் பிழைத்ததால் நாங்கள் தோற்றதே நல்லது என்று ரிவேரா பின்னர் மனமாரச் சொன்னார். இதைத் தெய்வச் செயல் என்பார் உளர், ரிவேராவும் பக்தியுள்ளவரே. 265 பேர் மாண்ட ஒரு விபத்தில் ஒருவர் தப்பியதற்கு அப்படிக் காரணம் கற்பிக்க நமக்கு மனம் வரவில்லை. நாம் கொள்ளும் பாடம் எளியது: தன் வாழ்நாளின் மிகப் பெரிய தோல்வியை, ஒரு தோழனுடைய உயிருக்கு முன்னால் நிறுத்தி, இது சிறியது என்று சொல்லத் தெரிந்த மனிதர் அவர். அப்படிச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மறுபடியும் அந்த மேட்டின்மேல் ஏறும் தெம்பு இருக்கும்.

அத்தெம்பு மீண்டும் சோதிக்கப்பட்டது. 2004 அக்டோபர் 17இல் பாஸ்டன் நகரில், பரம்பரைப் பகையாளியான ரெட் சாக்ஸ் கட்சியை அடியோடு வீழ்த்த மூன்று விக்கெட் போன்ற மூன்று பேரே மீதி. ஓர் ஓட்டம் முந்திய நிலையை அவர் காப்பாற்றவில்லை. ரெட் சாக்ஸ் அந்த ஆட்டத்தையும், அடுத்த மூன்றையும் வென்று, 1918க்குப் பிறகு முதல் தடவையாக உலக வாகையும் சூடிற்று. அடுத்த ஏப்ரலில் யாங்கீஸ் பாஸ்டனுக்குச் சென்றபோது, ரிவேராவின் பெயர் அழைக்கப்பட்டவுடன் அரங்கம் முழுவதும் ஆரவாரித்துக் கைதட்டிற்று. எங்களுக்கு வாகை தந்த வள்ளலே வருக என்ற ஏளனம் அது! ரிவேரா என்ன செய்தார்? சிரித்தார், தொப்பியை எடுத்து அக்கூட்டத்துக்கு வணக்கம் செய்தார். ஏளனம் செய்தவர்களின் ஏளனம் அத்தோடு தீர்ந்தது. 2009இல் யாங்கீஸ் மறுபடியும் உலகத் தொடரை வென்றபோது கடைசி மட்டைக்காரரை வீழ்த்தியவரும் அவரே.

இனி அவர் சட்டையின் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அணிந்தது 42. ஏறக்குறைய அறுபதாண்டுகள் கறுப்பு மனிதருக்குக் கதவடைத்திருந்த பெரிய பேஸ்பாலில், 1947 ஏப்ரல் 15ஆம் நாள் முதன்முதலாக நுழைந்த ஜாக்கி ராபின்சன் அணிந்ததும் அவ்வெண்ணே. வசையும் மிரட்டலும் தாங்கி அவர் திறந்த கதவின் வழியேதான் பனாமா மீனவர் மகன் ஒருவர் உள்ளே வர முடிந்தது. ஐம்பதாண்டு நிறைவில், 1997இல், இனி அவ்வெண்ணை எந்தக் கட்சியிலும் எவரும் அணியலாகாது என்று விதித்தனர். முன்பே அணிந்திருந்தவர்கள் மட்டும் ஆடும் காலம் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். அவ்விதம் வைத்துக்கொண்டவர்களுள் கடைசியானவர் ரிவேரா. ஒருவர் தொடங்கி வைத்த எண்ணை மற்றொருவர் முடித்து வைத்தார். பிறப்பைக் கண்டு மனிதனை மதிப்பிடும் மடமைக்கு விளையாட்டு மைதானத்தில் விழுந்த அடிகளுள் அந்த எண்ணும் ஒன்று.

2012 மே மாதத்தில் பயிற்சியின்போது உயரே எழுந்த பந்தைப் பிடிக்க ஓடி முழங்காலின் தசைநார் அறுந்தது. வயதோ 42. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றனர். இப்படி முடிக்க மாட்டேன் என்று அவர் 2013இல் திரும்பி வந்து 44 காப்புக்கள் பெற்றார். அதுவே கடைசி ஆண்டு என்று முன்னரே அறிவித்திருந்தமையால், சென்ற ஊர்தோறும் எதிர்க் கட்சிகளே பரிசளித்தன. மினசோட்டாவில் கொடுத்த பரிசு முறிந்த மட்டைகளால் செய்த ஆடுநாற்காலி! ஆனால் அவர் செய்த மற்றொன்று நம் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது. ஒவ்வோர் ஊரிலும் அவ்வரங்கத்தில் நெடுநாள் உழைத்த தொழிலாளர்களை, புல் பராமரிப்பவர், சமைப்பவர், சீட்டு விற்பவர் போன்றோரை, அழைத்து உட்காரவைத்து அவர்களோடு உரையாடி நன்றி சொன்னார். பலகையில் காத்திருந்தவருக்குப் பலகையில் காத்திருப்போரைத் தெரியும்.

2013 செப்டம்பர் 26ஆம் நாள் நியூயார்க்கில் அவர் கடைசியாக எறிந்தார். அன்று காப்பு இல்லை, யாங்கீஸ் தோற்றுக்கொண்டிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் வீழ்ந்தபின், மேலாளருக்குப் பதிலாக அவருடைய பழைய தோழர்களான டெரெக் ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும் நடந்து வந்து பந்தைக் கேட்டனர். அதுவரை முகத்தில் எதையும் காட்டாதவர் பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அழுதார். அரங்கம் எழுந்து நின்றது. 2019 ஜனவரியில் புகழ்மண்டபத்துக்கு வாக்களித்த 425 பேரும் ஒருவர் விடாமல் அவருக்கே வாக்களித்தனர். 1936இல் பேப் ரூத்துக்கு 226இல் 215. 1962இல் ராபின்சனுக்கு 160இல் 124. ஒருமுகமான தீர்ப்பு அதற்கு முன் எவருக்கும் கிடைத்ததில்லை. தொடங்கும் தகுதியில்லை என்று பலகைக்கு அனுப்பப்பட்டவர் அவர் என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது.

இப்புகழுக்கு அவருடைய கை மட்டும் காரணமன்று. 1997இலும், 2001க்குப் பின்னும், 2004க்குப் பின்னும் அவர் கையில் மறுபடியும் பந்தைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு நாளின் பிழையை ஓர் ஆயுளின் உழைப்போடு சேர்த்து நிறுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். முடிப்பவருக்குத் தைரியம் வேண்டும். முடிக்கச் சொல்பவருக்கு நியாயம் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், உலகம் ஒரு ரிவேராவை இழந்து, பேர் தெரியாத ஒரு பெரியவரைப் படியிறக்கி விடுகிறது. நம் சங்கங்களிலும் தொழிற்கூடங்களிலும் இல்லங்களிலும் கடைசியாக நின்று வேலையை முடிப்போர் ஒவ்வொருவர் இருக்கின்றனர். அவர்கள் பிழை செய்யும் நாளில் நாம் எந்தத் தராசை எடுக்கிறோம் என்பதே கேள்வி.

அந்தக் கடைசி ஆட்டத்தில் ரிவேரா மேட்டை விட்டிறங்கியபோது, வீழ்த்த வேண்டிய மட்டைக்காரர் இன்னும் ஒருவர் மிச்சமிருந்தார். அரங்கமெல்லாம் அழுதுகொண்டிருக்க, வேலிக்குப் பின்னிருந்து மற்றொருவர் ஓடி வந்து பந்தை வாங்கி அந்த ஒருவரையும் வீழ்த்தி எதிர்க் கட்சியின் முறையை முடித்தார். அவர் பெயர் மாட் டேலி. அவரையும் நாம் நினைவில் வைப்போமாக.